சிறையிலிருந்தும் போதையிலிருந்தும் மீள்வோருக்கு உதவ, நன்கொடையை எந்தச் செலவுக்கு ஒதுக்குவது?

உங்கள் குடும்ப அறக்கட்டளையின் பணத்தைப் போதை மீட்புக்கும் சிறை மீண்டோரின் மறுவாழ்வுக்கும் கொடுக்க விரும்புவதாகச் சொல்லி, எந்தச் செலவுக்கு ஒதுக்கினால் பயன் கூடும் என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தகைய விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழு ஒன்றில் ஆறு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கட்டடத்தை விடுங்கள், விடுதலைக்குப் பிந்தைய முதல் சில வாரங்களுக்குக் கொடுங்கள்.

சிறையில் போதைப்பொருள் கிடைக்காமல் இருந்த உடல் அதைத் தாங்கும் திறனை இழந்துவிடுவதால், வெளியே வந்தவர் பழைய அளவையே எடுத்துக்கொண்டாலும் அது உயிரைப் பறித்துவிடக்கூடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007-இல் வெளியான ஆய்வொன்று, முதல் இரண்டு வாரங்களில் அவர்களின் இறப்பு விகிதம் அம்மாநிலத்தின் மற்ற மக்களுடையதைப் போல 12.7 மடங்கு என்று கண்டது; அந்த இறப்புகளுக்கு முதற்காரணம் அளவுமீறிய போதைப்பொருளே. நான் பார்த்த விண்ணப்பங்களிலோ பெரும்பணம் மூன்றாம் மாதத்தில் தொடங்கும் தொழிற்பயிற்சிக்குத்தான் கேட்கப்பட்டிருந்தது.

கேட்டவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒரு சிறிய அமைப்பின் வரவுசெலவுத் திட்டத்தில் இருந்த ‘சிறை வாசலிலிருந்து அழைத்துவர வண்டி, இரண்டு வார அறை வாடகை’ என்ற வரியைச் சில்லறைச் செலவு என்று சிவப்பு மையால் அடித்தவன் நான். பிறகு ஒருநாள் அவர்களுடன் அந்த வாசலில் நின்றேன். வெளியே வந்தவர் கையில் ஒரு பாலித்தீன் பை. அதில் கைதான அன்று அணிந்திருந்த சட்டையும் சார்ஜ் இறங்கிப்போன கைப்பேசியும் இருந்தன. அமைப்பின் ஊழியர் ஒருபுறம் காத்திருந்தார். சற்றுத் தள்ளி, பழைய கூட்டாளி ஒருவர் வண்டியோடு நின்றிருந்தார். யார் வண்டியில் ஏறுவது என்பது இரண்டு நிமிடத்தில் முடிவாகிவிட்டது. ஊழியரிடம் வண்டி இல்லை.

பலனை அளந்து காட்டச் சொல்வதில் தவறில்லை. பிரிட்டனின் பீட்டர்பரோ சிறையில் 2010-இல் தொடங்கிய திட்டத்தில், ஓராண்டுக்குக் குறைந்த தண்டனை பெற்றோருக்கான துணைச் சேவைக்கு, பலன் கிடைத்தால் திருப்பித் தரப்படும் என்ற ஏற்பாட்டில் அறக்கட்டளைகள் முன்பணம் போட்டன. மறுகுற்றம், அந்தச் சேவை பெறாத ஒப்பீட்டுக் குழுவைவிட 9 சதவீதம் குறைந்ததால் அந்தப் பணம் ஆதாயத்துடன் திரும்பியது. ஆனால் நான்கு பேர் நடத்தும் அமைப்பிடம் இத்தகைய கணக்கைக் கேட்டால், அந்த நால்வரும் கணக்கெழுதுவதிலேயே மூழ்கிவிடுவார்கள். அதைவிட முக்கியம், ஓராண்டு மானியமாகக் கொடுக்காமல் மூன்றாண்டுக்கு உறுதி தருவது. ஒன்பதாம் மாதத்திலேயே வேறு வேலை தேடத் தொடங்கும் ஆலோசகரை நம்பி யாரும் மனம் திறப்பதில்லை. ஒருவர் மீண்டும் குடித்துவிட்டால் அதைத் திட்டத்தின் தோல்வியாக எழுதும் நிபந்தனையையும் நீக்கிவிடுங்கள். அந்த நிபந்தனை இருக்கும் இடத்தில் சறுக்கல்கள் மறைக்கப்படுகின்றன.

எல்லோரும் உங்கள் பணத்தை ஏற்பார்கள் என்றும் எண்ண வேண்டாம். குடிப்பழக்கத்திலிருந்து மீள்வோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பாக 1935-இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், உறுப்பினர்களின் காணிக்கையிலேயே நடக்க வேண்டும், வெளியார் நன்கொடை கூடாது என்பதை மரபாகவே வைத்திருக்கிறது. அங்கிருந்து காசோலை திரும்பி வந்தால், அதை அந்த வண்டிச் செலவுக்குத் திருப்பிவிடலாம்.