சொட்டுக் குப்பியில் மண்டி கட்டிய வெள்ளை

கேள்வி: 28 மில்லிமீட்டர் போர்வீரர் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டப் பழகிவருகிறேன். இணையத்தில் சொட்டு சொட்டாகப் பிதுக்கும் அக்ரிலிக் பெயின்ட் ஆறு குப்பி வாங்கினேன். வெள்ளையில் முதலில் கலங்கல் தண்ணீர்தான் வந்தது. நேற்று ஒன்றுமே வரவில்லை. அழுத்திப் பிதுக்கியதும் குபீரென்று பாதி கொட்டிவிட்டது. பழுப்பு 'வாஷ்' குப்பியும் தண்ணீராக இருக்கிறது. விற்றவரைக் கேட்டால், பெயின்ட் பழசாகிவிட்டது, 350 ரூபாய்க்குப் 'புத்துயிர்த் திரவம்' வாங்கி ஊற்றுங்கள் என்கிறார். ஊற்றலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: ஊற்றவே ஊற்றாதீர்கள். உங்கள் வெள்ளைக்கு நிறம் தரும் டைட்டானியம் டை ஆக்சைடு தண்ணீரைப் போல நான்கு மடங்கு கனம். குப்பி மாதக்கணக்கில் நின்றால் அது அடியில் மண்டி கட்டிவிடும். ஆறிய ரசத்தில் கரண்டி விடாமல் மேலே இருப்பதை மட்டும் சாய்த்தால் என்ன வருமோ, அதுதான் உங்களுக்கு வந்தது. அந்தக் கலங்கலில்தான் நிறப்பொடியை ஒட்டவைக்கும் பிசினும் இருக்கிறது. அதைத் துடைத்தெறிந்துகொண்டே போனால் மிச்சம் சுண்ணாம்பாகத் திப்பிதிப்பியாக நிற்கும்.

எனவே முதலில் குலுக்கல். மூடியை இறுக்கி, அரை மணி நேரம் தலைகீழாக நிறுத்துங்கள். பிறகு குப்பியின் அடியை உள்ளங்கையில் தட்டித் தட்டி இரண்டு நிமிடம் குலுக்குங்கள். கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம். கை ஓய்ந்ததும் நிறுத்துகிறவர்கள் இருபது வினாடியைத் தாண்டுவதில்லை.

அடுத்தது அடைப்பு. எல்லோரும் குண்டூசியை எடுத்து மேலிருந்து குத்துவார்கள். நுனியில் காய்ந்த துணுக்கு உள்ளே விழும், அந்த நேரத்துக்குப் பெயின்ட் வரும். மறுநாள் அதே துணுக்கு மிதந்து வந்து துளையை உள்பக்கம் அடைக்கும். நீங்கள் அழுத்துவீர்கள், மீதிக் கதை உங்களுக்கே தெரியும். அந்தப் பிளாஸ்டிக் மூக்கு திருகு கிடையாது, அழுத்திச் செருகியது. துணி சுற்றிக் குறட்டால் பிடித்து, பக்கவாட்டில் மெல்ல ஆட்டினால் கழன்று வரும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, ஊசியை உள்பக்கத்திலிருந்து வெளியே தள்ளுங்கள். குப்பியின் கழுத்தில் தோல்போல் காய்ந்திருப்பதைப் பல்குச்சியால் உரித்தெடுத்துவிட்டு மூக்கைத் திரும்பச் செருகுங்கள். இனி ஒவ்வொரு முறையும் மூடுமுன் நுனியை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

மூக்கு கழன்றிருக்கும்போதே, குலுக்கும்போது உருண்டு மண்டியைக் கலக்கும் கலக்குக் குண்டு இரண்டு போட்டுவிடுவது நல்லது. சில நிறுவனங்கள் போட்டே அனுப்புகின்றன. ஆர்மி பெயின்டர் நிறுவனத்தின் ஃபனாட்டிக் பெயின்ட் வரிசை அப்படித்தான் வருகிறது. ஆனால் தயவுசெய்து சைக்கிள் கடைக்குப் போய் பால்ரஸ் வாங்காதீர்கள். அது கிரீஸில் வாழப் பிறந்த இரும்பு. தண்ணீர் கலந்த பெயின்ட்டில் துருப்பிடிக்கும். என் எலுமிச்சை மஞ்சள் ஒன்று மூன்றே மாதத்தில் காவியானது அப்படித்தான். தூண்டில் ஈயக் குண்டும் வேண்டாம், ஈயம் நஞ்சு. 316 ரகத் துருப்பிடிக்கா எஃகு என்று கேட்டு வாங்குங்கள். 'ஸ்டீல்' என்று மட்டும் எழுதி விற்பவரிடம் வாங்காதீர்கள். கண்ணாடி மணியும் நல்லதுதான், விலையும் குறைவு.

இனி அந்தத் திரவம். இப்படி இரண்டு புட்டிகளைத் திறந்து பார்த்திருக்கிறேன். ஒன்றில் ஜன்னல் துடைக்கும் திரவத்தின் நெடி. ஆல்கஹால் அதிகமானால் அக்ரிலிக் பிசின் பாலைப்போலத் திரிந்துவிடும். அதன்பின் 'அதான் சொன்னேனே, பழசு' என்று புதுக் குப்பி விற்பார்கள். குலுக்கிய பிறகும் கெட்டியாக இருந்தால் அக்ரிலிக் மீடியம் (நிறப்பொடி சேர்க்காத அக்ரிலிக் பிசின் திரவம்) இரண்டு மூன்று சொட்டு, இல்லையென்றால் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர். பேட்டரி ஆசிட் அல்ல. பெட்ரோல் பங்கில் கேட்கும்போது லேபிளைப் படித்து வாங்குங்கள்.

வாஷ் கதை வேறு. அது தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். பொம்மையின் அங்கி மடிப்பிலும் விரலிடுக்கிலும் வழிந்து தேங்கி நிழல் காட்டுவதற்கென்றே செய்தது. அதைக் கெட்டியாக்க முயன்றால் காசு போனதுதான். அதற்கும் நிறப்பொடி உண்டு, எனவே குலுக்கத்தான் வேண்டும். ஆனால் வெறிகொண்டு குலுக்கினால் நுரைக்கும், நுரை காய்ந்தால் வீரனின் முகத்தில் அம்மைத் தழும்பாக நிற்கும். குப்பியைச் சாய்த்து உள்ளங்கைகளுக்கிடையே உருட்டி, ஐந்து நிமிடம் விட்டுவைத்து, பிறகு சொட்டுங்கள். வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்: ஓரம் பழுப்பாகவும் நடு வெளுப்பாகவும் காய்ந்தால் வாஷ் நலமாக இருக்கிறது. இதைக் கெட்டுப்போனது என்று எறிந்தவர்களை எண்ணி மாளாது.

கையோடு குப்பி வந்த அட்டையையும் எடுத்துப் பாருங்கள். 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகளின்படி, இறக்குமதிச் சரக்கில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரித்த மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். 18 மில்லிக் குப்பிக்கும் இது உண்டு. ஆனால் யார் பார்க்கிறார்கள்? பெரிய புட்டியிலிருந்து வெற்றுக் குப்பிகளில் பிரித்து ஊற்றி, கைப்பட எண் எழுதி ஒட்டி விற்கிறார்கள். இணையச் சந்தைகள் கமிஷனை வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கின்றன. புகார் சொன்னால் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்று இயந்திரம் பதில் எழுதும். இந்த விவரங்கள் இல்லையென்றால் படம் எடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் பதிவுசெய்யுங்கள்.

மூக்கைக் கழற்றியதும் பல்குச்சியை விட்டு அடியைக் கிளறிப் பாருங்கள். மண்டி கூழாக வந்தால் மேலே சொன்னதெல்லாம் பலிக்கும். ரப்பர் இழையாக நீண்டு வந்தால் பிசின் உள்ளேயே இறுகிவிட்டது, எதுவும் கரைக்காது. அதை எறிந்துவிட்டுக் குப்பியைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள்; வடித்த நீரைச் சொட்ட உதவும்.