புஷ் பிரஸில் முதுகு பிடிக்கிறதா? பெல்ட் வாங்குமுன் காலைக் கவனியுங்கள்

நேரம் வைத்துச் செய்யும் பயிற்சிகளில் 40 கிலோ பார்பெல்லைக் கொண்டு புஷ் பிரஸ் (முழங்காலைச் சற்று மடக்கி நிமிர்ந்து, தோளிலிருந்து எடையைத் தலைக்கு மேல் தள்ளுவது) செய்யும்போது முதல் எட்டு ரெப், அதாவது எட்டு தடவை, சுலபமாகப் போவதாகவும், அதன்பின் கீழ்முதுகு பிடித்துக்கொள்வதாகவும், இடுப்பில் பளுதூக்கும் பெல்ட் கட்டினால் சரியாகிவிடும் என்று பயிற்சியாளர் சொல்வதாகவும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வாங்கலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். அதிகபட்ச எடையை ஓரிரு முறை தூக்குகிறவருக்கு, வயிற்றை இறுக்கி நிற்க பெல்ட் துணை செய்யும். மூச்சு வாங்க வாங்கத் தொடர்ந்து தூக்கும்போது உடல் பின்னால் சாய்வதை அது தடுக்காது. உங்கள் வலி பெரும்பாலும் அந்தச் சாய்விலிருந்தே வருகிறது. புஷ் பிரஸில் பார்பெல்லைத் தோளிலிருந்து கிளப்பிவிடுவது கால்களின் வேலை. கைகள் மிச்சத் தூரத்தை முடித்துவைக்கின்றன. கால்கள் களைத்ததும் நாம் அறியாமலே முழங்காலை மடக்குவதைக் குறைத்துக்கொண்டு, நெஞ்சை மேலே திருப்பி, முதுகை வளைத்து எடையைத் தள்ளத் தொடங்குகிறோம். ஒலிம்பிக் பளுதூக்குதலில் ஒரு காலத்தில் இருந்த பிரஸ் பிரிவில் வீரர்கள் இப்படித்தான் வில்லாக வளைந்தார்கள். எது சரியான தூக்கல் என்று நடுவர்களால் தீர்மானிக்க இயலாமல் போனதும் ஒரு காரணமாகி, 1972 மியூனிக் போட்டியோடு அப்பிரிவையே நீக்கிவிட்டார்கள்.

ஆகவே டிப்பை, அதாவது தள்ளுமுன் முழங்காலை மடக்கி இறங்குவதை, சரிசெய்யுங்கள். பார்பெல் தோளின் முன்பக்கத்தில் படிந்திருக்க, முழங்கைகள் சற்று முன்னே நிற்க, உடம்பு கொத்தனாரின் தூக்குக்குண்டைப் போல நேர்கீழாக நான்கைந்து அங்குலம் இறங்கினால் போதும். குதிகால் தரையை விட்டு எழுந்தாலோ, இடுப்பு பின்னால் போனாலோ, பார்பெல் முன்னோக்கி ஓடும். அதைத் துரத்திப் பிடிக்கும் வேலை முதுகின் தலையில் விழும். கால் முழுவதும் நிமிர்ந்த பிறகே கை தள்ள வேண்டும். மேலே போனதும் முழங்காலை மீண்டும் மடக்கினால் அது புஷ் ஜெர்க், வேறு பயிற்சி.

எடை விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. 'ஃபைட் கான் பேட்' என்ற பிரபலமான கிராஸ்ஃபிட் பயிற்சியில் புஷ் பிரஸுக்கு ஆண்களுக்கு 75 பவுண்டு, அதாவது சுமார் 34 கிலோ. பெண்களுக்கு 55 பவுண்டு, சுமார் 25 கிலோ. பழகியவர்களுக்கான இந்த அளவைப் பலகையில் எழுதிவிட்டு, நேற்றுச் சேர்ந்தவரையும் அதிலேயே நிறுத்துகிறார்கள். இரண்டே நாள் வகுப்பில் சான்றிதழ் பெற்றுப் பயிற்சியாளராகிவிட முடிகிற ஏற்பாட்டில் வேறென்ன எதிர்பார்ப்பது? பெல்ட், மணிக்கட்டுப் பட்டை, முழங்கால் உறை என்று வரிசையாகப் பரிந்துரைப்பவர், அவற்றைத் தாமே விற்கிறாரா, விற்பவரிடம் கமிஷன் வாங்குகிறாரா என்று ஒருமுறை நேரடியாகக் கேட்டுவிடுங்கள். ஒரே முறை உங்களால் தூக்க முடிகிற அதிகபட்ச புஷ் பிரஸ் எடையில் பாதியளவோடு தொடங்குங்கள். முகம் சுளிக்கும் முன்பே பார்பெல்லைக் கீழே வைத்து, பதினைந்து ரெப் என்றால் ஆறு, ஐந்து, நான்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் அடங்காத ஒரு வகையினர் உண்டு. நீங்கள் அவர்களில் ஒருவரா என்று சோதித்துப் பாருங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, பாதங்களைச் சற்று முன்னே வைத்து, கீழ்முதுகைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தபடி, முழங்கையை மடக்காமல் இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்துங்கள். கட்டைவிரல்கள் சுவரைத் தொடுவதற்குள் கீழ்முதுகு விலகிவிட்டால், தோளிலோ மேல்முதுகிலோ இறுக்கம் இருக்கிறது. டிப் எவ்வளவு அழகாக இருந்தாலும் இவர்களுக்குக் கடைசி அரை அடி தூரத்தை முதுகுதான் வளைந்து கொடுத்தாக வேண்டும். களைப்பே இல்லாத முதல் ரெப்பிலும் அதுதான் நடக்கும். எடையைக் குறைத்தாலும் வளைவு போகாது, வலி மட்டும் தாமதமாக வரும். அவர்கள் பார்பெல்லைச் சில காலம் ஒதுக்கிவிட்டு, உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி டம்பெல்களைப் பிடித்துச் செய்வது நல்லது. சோதனையைக் களைத்த பிறகும் ஒருமுறை செய்யுங்கள். காலையில் தேறியவர் பயிற்சி முடிவில் தவறுவது சகஜம்.

அடுத்த முறை ஒருவரைப் பக்கவாட்டிலிருந்து கடைசி ஐந்து ரெப்பைக் கைபேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ பயிற்சியாளரிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.