வாசகர் கேள்வி – பதில்: இ.இ.இ.யா, இ.சி.இ.யா?

கேள்வி: ஐயா, நான் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறேன். கணிதத்தில் 97, இயற்பியலில் 89, வேதியியலில் 85 மதிப்பெண்கள். அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். விடுமுறை நாள்களில் நானும் கடையில் இருப்பேன். எரிந்து வரும் மோட்டாரைப் பிரித்தவுடன், ஒரு ஃபேஸ் (மும்முனை மின்சாரத்தின் ஒரு முனை) போய் எரிந்ததா, தண்ணீர் இறங்கி எரிந்ததா என்று இப்போது எனக்கும் சொல்லத் தெரியும். பெங்களூரில் வேலை பார்க்கும் அத்தான், இ.சி.இ.க்குத்தான் (மின்னணுவியல், தொடர்பியல் பொறியியல்) எதிர்காலம் என்கிறார். மின்வாரியத்தில் இருக்கும் சித்தப்பா, இ.இ.இ. (மின்னியல், மின்னணுவியல் பொறியியல்) முடித்தால் அரசு வேலை உறுதி என்கிறார். பக்கத்து வீட்டில், பெண்பிள்ளை கம்பம் ஏறுவாளா என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். 'உன் இஷ்டம்' என்று அப்பா சொல்லிவிட்டார். ஆனால், என் இஷ்டம் எது என்பதே எனக்குத் தெரியவில்லை. கலந்தாய்வுக்கு முன்னால் எப்படி முடிவெடுப்பது?
— ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மின்னியல் படித்து, அதையே முப்பது ஆண்டுகள் கற்பித்தவன். என் பதிலில் அந்தப் பக்கம் சாய்வு தெரிந்தால், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

இரண்டு படிப்புகளும் மின்சாரத்தைப் பற்றியவைதாம். இ.இ.இ.யில் மின்சாரம் வேலை செய்கிறது, இ.சி.இ.யில் மின்சாரம் சேதி கொண்டுபோகிறது. பம்ப்செட்டைச் சுழற்றுவதும், ரயிலை இழுப்பதும், லோயர் கேம்ப்பில் பெரியாற்றுத் தண்ணீரிலிருந்து எடுத்த மின்சாரத்தை அழுத்தம் ஏற்றி ஊர்களுக்குக் கொண்டுவந்து இறக்குவதும் முதல் வகை. பேச்சையும் படத்தையும் நுண்ணிய மின் அலைகளாக மாற்றி, இரைச்சலுக்கு நடுவே அனுப்பி, மறுமுனையில் பிழையில்லாமல் மீட்டெடுப்பது இரண்டாம் வகை. முதலாண்டில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பாடங்களே இருக்கும்: கணிதம், இயற்பியல், வேதியியல், நிரலாக்கம், பொறியியல் வரைபடம். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் 'தமிழர் மரபு' என்ற பாடமும் உண்டு. அதை ஒப்புக்குப் படிக்காதீர்கள், நன்றாகவே இருக்கும். மின்சுற்றுக் கோட்பாடு, டிஜிட்டல் மின்னணுவியல், கட்டுப்பாட்டு அமைப்புகள், மின்காந்தப் புலம் ஆகியவையும் இருவருக்கும் பொதுவாக வரும். பிரிவது அதற்குப் பிறகுதான்.

அந்தப் பிரிவைப் புரிந்துகொள்ள, இரண்டு பாடத்திட்டங்களிலும் இருக்கும் 'டிரான்ஸ்மிஷன் லைன்' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைவது. அதன் அலைநீளம் 6,000 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டர் நீளமுள்ள மின்தடத்தில் அந்த அலையின் நெளிவு கண்ணுக்கே படாது, ஆகவே இ.இ.இ. மாணவர் அந்தத் தடத்தில் எவ்வளவு மின்னழுத்தம் குறைகிறது, எவ்வளவு ஆற்றல் வெப்பமாக வீணாகிறது, ஒரு மரக்கிளை விழுந்தால் எந்தப் பிரேக்கர் எத்தனை மில்லி நொடியில் திறக்க வேண்டும் என்றெல்லாம் கணக்கிடுகிறார். கைப்பேசி பயன்படுத்தும் 1,800 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளமோ ஏறக்குறைய 17 சென்டிமீட்டர்தான். அங்கே விரல் நீளக் கம்பியே அலையின் ஒரு பகுதியாகிவிடுவதால், இ.சி.இ. மாணவர் அலை எங்கே மோதித் திரும்புகிறது, எந்த நீளத்தில் கம்பியே ஆண்டெனாவாகிவிடுகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. பாடத்தின் பெயர் ஒன்று. மனம் பழக வேண்டிய உலகங்கள் இரண்டு.

உங்கள் இஷ்டம் எது என்று அறிய யாரிடமும் போய்க் கேட்க வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் புத்தகங்களை எடைக்குப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். மின்காந்தத் தூண்டல், மாறுதிசை மின்னோட்டம் பற்றிய பாடத்தை ஒரு நாளும், குறைக்கடத்திகள், தகவல் தொடர்பு பற்றிய பாடத்தை மறுநாளும் எடுத்துக்கொண்டு, மதிப்பெண் என்ற எண்ணமே இல்லாமல் படித்துப் பாருங்கள். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்து, முதல் நாள், மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால் கம்பியில் ஏற்படும் இழப்பு ஏன் நூறில் ஒரு பங்காகக் குறைகிறது என்று நீங்களே எழுதிப் பாருங்கள். இரண்டாம் நாள், 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியை நேரடியாக வானில் அனுப்ப வேண்டுமானால் ஏன் ஏழரைக் கிலோமீட்டர் உயர ஆண்டெனா தேவைப்படும் என்றும், அதைத் தவிர்க்கப் பண்பேற்றம் (சேதியை உயர் அதிர்வெண் அலையில் ஏற்றி அனுப்புவது) எப்படி உதவுகிறது என்றும் எழுதிப் பாருங்கள். எந்தக் கேள்வியை எழுதி முடித்த பிறகு உங்களுக்கு அடுத்த கேள்வி தோன்றியது என்பதைக் கவனியுங்கள். எது எளிதாக இருந்தது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். செய்முறைத் தேர்வில் மீட்டர் சமனச்சுற்றில் கை நிதானமாக நின்றதா, டிரான்சிஸ்டர் சிறப்பியல்பு வரைகோட்டில் நின்றதா என்பதையும் நினைத்துப் பார்க்கலாம்.

இனி உங்கள் கடைக்கு வருகிறேன். ஒரு ஃபேஸ் போன மோட்டாரைத் திறந்தால், ஸ்டார் இணைப்பாக (மூன்று காயில்களும் ஒரு புள்ளியில் சேர்வது) இருந்தால் மூன்றில் இரண்டு ஃபேஸின் காயில்கள் கருகி ஒன்று மட்டும் புதிதுபோல் இருக்கும் என்பதும், டெல்டாவாக (மூன்றும் முக்கோணமாக இணைவது) இருந்தால் ஒன்று மட்டும் கருகி இரண்டு பிழைத்திருக்கும் என்பதும் உங்கள் கண்ணுக்குப் பழகியிருக்கும். அது ஏன் என்று கேட்டிருக்கிறீர்களா? சமநிலை குலைந்த மூன்று ஃபேஸ் மின்னோட்டத்தைச் சமநிலையுள்ள மூன்று தொகுதிகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறையை 1918இல் சார்லஸ் ஃபோர்டெஸ்க்யூ என்பவர் வகுத்தார். இ.இ.இ. மூன்றாம் ஆண்டில் மாணவர்கள் மிகவும் அஞ்சும் பகுதி அது. கருகிய காயிலைக் கையில் பிடித்தறியாதவர்களுக்கு அது வெறும் கலப்பெண் கணக்காகப் போய்விடுகிறது. உங்களுக்கு அப்படிப் போகாது.

இதைச் சொல்லும்போதே எச்சரிக்கவும் வேண்டும். பழக்கம் வேறு, விருப்பம் வேறு. அப்பாவின் கடை பிடிக்கும் என்பதாலேயே மின் அமைப்புப் பகுப்பாய்வு பிடித்துவிடாது. ஜவுளிக்கடை வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் நெசவுத் தொழில்நுட்பம் படிக்கப் போவதில்லை. அதனால்தான் மேலே சொன்ன இரண்டு நாள் சோதனையைச் செய்யச் சொல்கிறேன்.

சித்தப்பா சொன்னதில் பாதி உண்மை. மின் உற்பத்தி, மின்தொடர் (கிரிட்) அமைப்பு, ரயில்வே மின்மயம், மின் ஆய்வுத்துறை போன்ற இடங்களில் இ.இ.இ. பட்டத்துக்கு இயல்பான இடம் உண்டு. பல மத்திய அரசு நிறுவனங்கள் கேட் (GATE) என்ற முதுநிலைப் பொறியியல் நுழைவுத் தேர்வின் மின்னியல் தாள் மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுக்கின்றன. ஆனால், உறுதி என்ற சொல்லை அவர் திரும்பப் பெற வேண்டும். 2024இல் மூன்று கழகங்களாகப் பிரிக்கப்பட்ட நம் மின்வாரியத்தின் உதவிப் பொறியாளர் அறிவிப்பு ஆண்டுதோறும் தவறாமல் வருவதன்று. வந்தாலும் எழுத்துத் தேர்வு உண்டு. சித்தப்பா சேர்ந்த காலத்தின் கணக்கை இன்றைக்குப் போடக்கூடாது.

அத்தானிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அவர் பெங்களூரில் சில்லு வடிவமைக்கிறாரா, நிரல் எழுதுகிறாரா? நிரல் எழுதுபவராக இருந்தால், அவர் பரிந்துரைப்பது உண்மையில் இ.சி.இ.யை அன்று, மென்பொருளை. அதற்கு எந்தப் பிரிவிலிருந்தும் வழி உண்டு. சில்லு வடிவமைப்பிலோ, தொடர்பியல் ஆய்விலோ இருப்பவரானால் அவர் சொல்லுக்கு எடை கூடுகிறது; ஆனால், அந்தத் துறையில் நல்ல இடம் பிடிக்கப் பெரும்பாலும் எம்.இ. வரை படிக்க வேண்டியிருக்கும் என்பதையும் அவரே சொல்வார். குடும்பம் ஆறு ஆண்டுகள் தாங்குமா என்று இப்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

பக்கத்து வீட்டாருக்குப் பதில் 1943லேயே சொல்லப்பட்டுவிட்டது. அவ்வாண்டில் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்னியல் படித்து முடித்த அ. லலிதா, இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களுள் ஒருவர். கைக்குழந்தையோடு கணவரை இழந்த பின் படிக்க வந்தவர். சான்றிதழில் ஆண்பாலில் அச்சிட்டிருந்த சொல்லை அடித்துப் பெண்பாலாகத் திருத்தித் தர வேண்டியிருந்தது. பின்னாளில் பக்ரா நங்கல் அணைத் திட்டத்துக்கான மின்தொடர்ப் பணிகளில் அவர் பங்கேற்றார். கம்பம் ஏறுவது கம்பியாளர் பணி, அதற்குத் தனிப் பயிற்சியும் தனித் தேர்வும் உண்டு. பொறியாளர் செய்வது வேறு வேலை. அதே வேளையில், துணைமின் நிலையத்திலோ ஆலையிலோ இரவுப் பணி, கட்டுமான இடத்தில் வெயில் எல்லாம் இ.இ.இ.க்காரருக்கு உண்டு என்பதை மறைக்க மாட்டேன். ஆணுக்கும் அதே வெயில்தான்.

இரண்டு துறைகளும் இன்று எங்கே கைகோக்கின்றன என்று பார்க்க வேண்டுமானால், நமக்குத் தென்கிழக்கே கமுதியை நினைத்துக்கொள்ளுங்கள். 2016இல் அங்கே இயங்கத் தொடங்கிய சூரிய மின் நிலையத்தின் திறன் 648 மெகாவாட். பலகைகள் தருவது நேர்மின்னோட்டம். அதை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி ஒட்டி, 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டமாக ஆக்கி மின்தொடரில் சேர்ப்பது இன்வெர்ட்டருக்குள் இருக்கும் குறைக்கடத்திச் சாவிகள். அதன் பெயர் ஆற்றல் மின்னணுவியல். இ.இ.இ.யில் அது கட்டாயப் பாடம். மின்சார வாகனத்தின் மோட்டாரை ஆள்வதும் இதே நுட்பம்தான். 'பழைய துறை' என்று அத்தான் இ.இ.இ.யைச் சொல்லியிருந்தால், அவர் இதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று பொருள்.

உங்கள் கட் ஆஃப் 184. கணிதத்தின் 97 அப்படியே. இயற்பியலில் பாதி 44.5, வேதியியலில் பாதி 42.5. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டின் தனித் தரவரிசையிலும் வருவீர்கள். அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் தகுதி உண்டு. இவற்றுக்கான பள்ளிச் சான்றுகளை இந்த வாரமே வாங்கி வையுங்கள்.

கல்லூரிகளைப் பொறுத்தவரை, மதுரையைச் சுற்றியே பார்க்கப் போதுமானவை இருக்கின்றன: திருப்பரங்குன்றத்தில் 1957இல் தொடங்கிய தியாகராசர் பொறியியல் கல்லூரி, கீழக்குயில்குடியில் அண்ணா பல்கலைக்கழக மண்டல வளாகம், சற்றுத் தள்ளிக் காரைக்குடியில் 1952இல் தொடங்கிய அழகப்பச் செட்டியார் அரசுக் கல்லூரி. தன்னாட்சிக் கல்லூரிகளில் பாடத்திட்டம் அவர்களுடையது என்பதால், இணையத்திலிருந்து இறக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். நேரில் போகும்போது கட்டடத்தையும் பேருந்து வரிசையையும் காட்டுவார்கள். நீங்கள் மின் இயந்திர ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மோட்டார் பழுதுபட்டுத் தூசி படிந்து நின்றால் உங்களுக்கா தெரியாது?

என் கணிப்பைக் கேட்டால், உங்களுக்கு இ.இ.இ. என்பேன், இரண்டு நாள் சோதனை அதற்கு எதிராகச் சொன்னால், என் கணிப்பைத் தள்ளிவிட்டுச் சோதனையை நம்புங்கள். கல்லூரித் தரத்தில் பெரிய வேறுபாடு இருந்து, நல்ல கல்லூரியில் இ.சி.இ. மட்டும் கிடைத்தால் தயங்காமல் சேரலாம். அடித்தளப் பாடங்கள் பல பொதுவானவை என்பதால் பெரிய நட்டம் இல்லை.

கேள்வி: கலந்தாய்வு விருப்பப் பட்டியலில், கிடைக்கக்கூடிய கல்லூரியைத்தான் முதலில் போட வேண்டும், கிடைக்காததை மேலே போட்டால் வாய்ப்பு வீணாகும் என்று கணினி மையத்தில் சொல்கிறார்கள். உண்மையா?
— ஒரு தந்தை, மேலூர்

பதில்: உண்மையன்று. தரவரிசைப்படி உங்கள் மகனின் முறை வரும்போது, பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கணினி ஒதுக்கும். கிடைக்காத இடத்தை மேலே போட்டதால் கீழே உள்ளது போய்விடாது. ஆனால், எளிதில் கிடைப்பதை மேலே போட்டால் அதுவே கிடைத்து, அதற்குக் கீழுள்ள நல்ல இடங்கள் பார்க்கப்படாமலே போகும். உண்மையான விருப்ப வரிசையில் எழுதுங்கள். சென்ற ஆண்டுக் கட் ஆஃபைப் பட்டியல் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு வரியும் கல்லூரியும் பாடப்பிரிவும் சேர்ந்த ஒரு தெரிவு. ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் இருப்பதால் குறியீட்டு எண்ணை இருமுறை சரிபாருங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், ஏற்றுச் சேர்வதா, ஏற்றுக்கொண்டு மேலுள்ள விருப்பத்துக்குக் காத்திருப்பதா என்பதைக் குறித்த நேரத்துக்குள் உறுதி செய்ய வேண்டும். கடவுச்சொல் கணினி மையத்தில் அன்று, உங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.

கேள்வி: இ.இ.இ. படித்துவிட்டு மென்பொருள் வேலைக்குப் போக முடியுமா?
— மாணவர், உசிலம்பட்டி

பதில்: முடியும். இலந்தைக்குளம், வடபழஞ்சி தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களுக்குள் போய்க் கேட்டால், எல்லாப் பிரிவுகளிலிருந்தும் வந்தவர்களைக் காண்பீர்கள். வளாக நேர்காணலில் பெரும்பாலும் முதலில் பார்ப்பது அரியர் இருக்கிறதா என்பதைத்தான். ஆனால், சேரும்போதே மென்பொருள்தான் என்று முடிவு செய்துவிட்டவர், நான்கு ஆண்டுகள் மின் இயந்திரங்களோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. கணினி அறிவியல் கிடைக்காத நிலையில்தான் இதைக் கேட்கிறீர்கள் என்றால், சேருங்கள். முதலாண்டு நிரலாக்கப் பாடத்தைத் தேர்வோடு விட்டுவிடாதீர்கள்.