சங்க பாலிசியில் பெயர் இல்லையாம். பிடித்த பணத்துக்கு யார் பொறுப்பு?

கேள்வி: திருப்பூரில் 24 பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். வாரச் சம்பளம் 4,000 ரூபாய். முதலாளிகள் சங்கம் எடுத்த குரூப் மெடிக்ளெய்முக்கென்று இரண்டு வருடமாக வாரம் 60 ரூபாய் பிடித்தார்கள். சம்பளக் கவரில் ‘இன்ஸ் 60’ என்று எழுதியிருக்கும். மனைவிக்குப் பித்தப்பை ஆபரேஷன் செய்தபோது, உறுப்பினர் பட்டியலில் என் பெயரே இல்லை என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிட்டது. முதலாளி சங்கத்தைக் கேட்கச் சொல்கிறார். சங்கம் முதலாளியைக் கேட்கச் சொல்கிறது. 82,000 ரூபாய் கடனாகிவிட்டது. ஈ.எஸ்.ஐ.யும் எங்களுக்குக் கிடையாது.

பதில்: முதலில் அந்தச் சம்பளக் கவர்களைத் தேடி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். யார் கேட்டாலும் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். நீங்கள் பணம் கட்டியதற்கு அந்தப் பேனா எழுத்துதான் சாட்சி.

இதே மாதிரி ஒரு சிக்கல் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. டெல்லி மின் நிறுவன ஊழியர் ஒருவரின் எல்.ஐ.சி. பிரீமியத்தைச் சம்பளத்திலிருந்து செலுத்தவேண்டிய நிர்வாகம் ஒழுங்காகச் செலுத்தவில்லை. அவர் இறந்ததும் எல்.ஐ.சி. பணம் தர மறுத்தது. நிர்வாகம் எல்.ஐ.சி.யின் ஏஜென்ட் மாதிரிதான், அதன் தவறுக்காகக் குடும்பத்தைத் தண்டிக்க முடியாது என்று 1999இல் பசந்தி தேவி வழக்கில் தீர்ப்பானது.

உங்கள் வழக்கில், முதலாளி எங்கள் ஏஜென்ட் இல்லை என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டாயம் வாதாடும். அதனால் இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனை விட மாவட்ட நுகர்வோர் ஆணையமே உங்களுக்கு நல்லது. ஆம்பட்ஸ்மேனிடம் முதலாளி மீதோ சங்கத்தின் மீதோ புகார் கொடுக்க முடியாது. ஆணையத்தில் முதலாளி, சங்கம், இன்ஷூரன்ஸ் கம்பெனி மூன்று பேரையும் சேர்த்து நிறுத்தலாம். ஒருவர் நழுவினால் இன்னொருவர் பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் தொகைக்குக் கட்டணம் இல்லை. கிளெய்மை மறுத்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிடுங்கள். அதற்கு முன் மூவருக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, சங்கம் எடுத்த மூல பாலிசியின் (மாஸ்டர் பாலிசி) நகலையும், முதலாளி சங்கத்துக்குக் கொடுத்த பெயர்ப் பட்டியலையும் கேளுங்கள்.

எனக்கு அதைவிட வருத்தம் தந்தது உங்கள் கடைசி வரி. 10 பேருக்கு மேல் வேலை செய்யும் இடம், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள். ஈ.எஸ்.ஐ. உங்களுக்குக் கட்டாயம் உண்டு. சங்க பாலிசி இருக்கிறதென்று முதலாளி அதிலிருந்து விலக முடியாது. ஈ.எஸ்.ஐ.யில் உங்கள் பங்கு 0.75 சதவீதம், அதாவது வாரம் 30 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம், 130 ரூபாய். உங்களிடம் 60 பிடித்துவிட்டு, அந்த 130ஐ அவர் மிச்சம் பிடித்திருக்கிறார். மனைவிக்கும் ஈ.எஸ்.ஐ. மருத்துவம் கிடைத்திருக்கும்.

ஈ.எஸ்.ஐ. அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். பழைய பாக்கியை முதலாளி வட்டியோடு கட்டவேண்டி வரும். அப்போது உங்கள் பழைய பங்கு என்று சொல்லி இப்போதைய சம்பளத்தில் அவர் பிடிக்கக் கூடாது. பிடித்தால் அந்தக் கவரையும் எடுத்து வையுங்கள்.