மேல்சுரத்தில் குரல் உடைவது குறித்து

வணக்கம். 24 வயது டெனராகிய (உச்ச ஆண்குரல் பாடகராகிய) தாங்கள், மேலேறும்போது எஃப், ஜி சுரங்களில் குரல் உடைவதாகவும், ஆயினும் அடுத்த குரல் தேர்வுக்கு வெர்டியின் 'ஒதெல்லோ' ஓபராவிலிருந்து (இசை நாடகத்திலிருந்து) நாயகன் ஒதெல்லோவின் பகுதியைத் தயாரிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தைத்தான் இத்தாலியர் 'பஸ்ஸாஜ்ஜோ', அதாவது கடவை (குரல் கீழ்நிலையிலிருந்து மேல்நிலைக்கு மாறும் இடம்), என்கின்றனர். பெரும்பாலான டெனர்களுக்கு அது அங்கேதான் அமைகிறது. திறந்த 'ஆ' ஒலியை அப்படியே அழுத்தி மேலே கொண்டுசென்றால் குரல்வளை உயர்ந்து தொண்டை இறுகுகிறது. ஆகவே கடவையை நெருங்கும்போதே அதைச் சற்று 'ஓ'வின் பக்கம் வளைத்து, மூச்சின் அளவைக் கூட்டாமல் பாடிப் பாருங்கள். 'ஊ' ஒலியில் மென்மையாக வழுக்கி ஏறி இறங்கும் பயிற்சியை நாள்தோறும் பத்து நிமிடம் செய்வது, உரக்கப் பாடும் ஒரு மணி நேரத்தைவிட மேலானது என்பது என் உறுதியான கருத்து.

அரங்கை நிரப்ப வலிமை வேண்டும் என்று அஞ்ச வேண்டாம். வாத்தியக்குழுவின் ஒலியாற்றல் 500 ஹெர்ட்ஸை ஒட்டி மிகுந்திருக்க, பயின்ற ஆண்குரலோ 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒத்ததிர்வால் அதைத் தாண்டிக் கேட்கிறது.

ஒதெல்லோவை இப்போது தயவுசெய்து தொடாதீர்கள்; அது முதிர்ந்த, கனத்த குரலுக்கான பாத்திரம். பல ஆண்டுப் பயிற்சிக்குப் பின் 1961இல் புச்சீனியின் 'லா போஎம்' ஓபராவில் ரொடோல்ஃபோவாக அறிமுகமான இத்தாலிய டெனர் பவரோட்டி, ஒதெல்லோவை 1991இல்தான், அதுவும் கச்சேரி வடிவில், பாடினார். தேர்வுக்கு டொனிசெட்டியின் 'லெலிசிர் தாமோரே' ஓபராவின் நாயகன் நெமொரினோவின் பகுதி தங்கள் வயதுக்குப் பொருந்தும். கரகரப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாண்களைக் காட்டிவிடுங்கள்.