விசிறி இல்லாத டிரான்ஸ்ஃபார்மர் கோடையில் எப்படித் தாங்குகிறது?

கேள்வி: எங்கள் தெருவில் உள்ள டிரான்ஸ்ஃபார்மரில் விசிறி எதுவும் இல்லை. அருகிலுள்ள வணிக வளாகத்தின் தரைக்கீழ்த் தளத்தில் உள்ளதற்கோ விசிறிகள் பொருத்தியிருக்கிறார்கள். விசிறி இல்லாதது கோடை வெப்பத்தில் பழுதாகிவிடாதா?
- வாசகர், விருத்தாசலம்

பதில்: தெருவோர டிரான்ஸ்ஃபார்மரைக் குளிர்விப்பது அதன் தொட்டியில் நிரம்பியுள்ள எண்ணெய்தான். கம்பிச்சுருள்களில் சூடான எண்ணெய் அடர்த்தி குறைந்து மேலே எழும்பி, பக்கவாட்டிலுள்ள ரேடியேட்டர் குழாய்களுக்குள் புகுந்து, வெளிக்காற்றில் வெப்பத்தை இழந்து கனமாகிக் கீழிறங்கி மறுபடியும் சுருள்களை அடைகிறது. பம்பும் இல்லை, விசிறியும் இல்லை; ஆகவே பழுதாகக்கூடிய சுழலும் பாகமும் இல்லை. கம்பத்தின் மீது ஆண்டுக்கணக்கில் நிற்கவேண்டிய கருவிக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

வணிக வளாகத்தில் இருப்பது பெரும்பாலும் எண்ணெயே இல்லாத, சுருள்களை ரெசினில் வார்த்த உலர்வகையாக இருக்கும். கட்டடத்துக்குள் தீ அபாயத்தைக் குறைக்கவே அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். காற்று எண்ணெயைப் போல வெப்பத்தை வாங்கிச் செல்லாது என்பதால், சுருளின் வெப்பம் குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போது விசிறிகள் தாமாக இயங்கும்படி அமைக்கிறார்கள்.

கோடையைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானதே. சுருளில் பாயும் மின்னோட்டம் இருமடங்கானால் அங்கே உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகிறது. எண்ணெய் சூடேறவும் ஆறவும் சில மணி நேரம் பிடிக்கும். எனவே வீடுதோறும் ஏசி ஓடும் இரவில், பகல் வெப்பம் தணிவதற்குள்ளாகவே புதிய சுமை ஏறிவிடுகிறது. இதில் முதலில் நலிவது சுருளைச் சுற்றியுள்ள காகிதக் காப்பு. சாதாரணக் காகிதத்தில், சுருளின் மிகச் சூடான இடம் 98 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் காகிதம் இருமடங்கு வேகத்தில் மூப்படையும் என்பது பொறியாளர்கள் பின்பற்றும் கணக்கு.

சுமையைவிட எண்ணெய்க் கசிவைத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். எண்ணெய் மட்டம் ரேடியேட்டரின் மேல்வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் சுழற்சியே அறுந்துபோகும். ரேடியேட்டர் இருந்தும் பயனில்லை. தொட்டியின் மீது எண்ணெய் வழிந்த தடமோ கீழே எண்ணெய்க் கறையோ தெரிந்தாலும், ரேடியேட்டரில் கொடி படர்ந்திருந்தாலும், அருகில் செல்லாமல் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உடனே புகார் செய்யுங்கள்.