ஊசி எங்க போச்சுன்னு கேளுங்க: நுரையீரல் பயாப்ஸி கேள்வி-பதில்

எங்கப்பாவுக்கு லங்ஸ்ல கட்டியாம், என்ன பண்ணலாம்? (பத்து கேவ்ஸ்)

தம்பி, இதை வச்சு நான் என்ன சொல்ல? கட்டி 5 மில்லிமீட்டரா 5 சென்டிமீட்டரா, அப்பாவுக்கு வயசு என்ன, சிகரெட் உண்டா, ஒண்ணுமே எழுதலையே. 6 மில்லிமீட்டருக்கு கீழன்னா பெரும்பாலும் பயாப்ஸி (கட்டியில கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்றது) வேணாம், ஸ்கேன்ல கவனிச்சா போதும். பழைய சிடி ஸ்கேன் இருந்தா டிஸ்க்கோட எடுத்துட்டு போங்க. ரிப்போர்ட் பேப்பர் மட்டும் பத்தாது, டிஸ்க்.

பெட் ஸ்கேன்ல பளிச்சுன்னு தெரியுது, அப்ப கேன்சர்தானே? (பட்டர்வொர்த்)

இல்லம்மா. சர்க்கரையை நிறைய இழுக்குற எடம் எதுவா இருந்தாலும் அதுல எரியும், டிபியும் எரியும், நம்ம நாட்டுல டிபிக்கு பஞ்சமா? முடிவு பயாப்ஸிலதான், எடுக்குற சதையில கொஞ்சம் டிபி டெஸ்ட்டுக்கும் அனுப்ப சொல்லுங்க. பெட் ஸ்கேனோட ஒரு பெரிய உபயோகம் எங்க குத்தணும்னு காட்டுறது.

பயாப்ஸியில கேன்சர் இல்லன்னு வந்துருச்சு, டாக்டர் மறுபடி எடுக்கணும்ங்குறார், காசு புடுங்கவா? (செந்தூல்)

இந்த கேள்வி மாசாமாசம் வருது, வர்றப்பலாம் எனக்கு வயிறு எரியுது. "கேன்சர் செல் கிடைக்கல"ங்குறது வேற, "இது டிபி", "இது சாதாரண கட்டி"ன்னு பேர் சொல்றது வேற. பேர் சொல்லாத ரிப்போர்ட்னா ஊசி பக்கத்துல போயிருக்கலாம். என்கிட்ட வந்த ஒரு அம்மா, சிகரெட்டே தொடாதவங்க, வேற எடத்துல "அழற்சி மட்டும்"னு வந்த பேப்பரை பத்திரமா வச்சுக்கிட்டு எட்டு மாசம் கழிச்சு வந்தாங்க, கட்டி ரெண்டு மடங்கு ஆயிருந்துச்சு, பழைய படத்தை போட்டு பாத்தா ஊசி நுனி கட்டியோட ஓரத்துலதான் நிக்குது.

ஏன் தவறுதுன்னா, சிடி எடுக்குறப்ப மூச்சை நல்லா இழுத்து புடிக்க சொல்வாங்க, ப்ராங்கோஸ்கோபியில (மூச்சுக்குழாய் வழியா டியூப் விட்டு சதை எடுக்குறது) மயக்கத்துல படுத்திருக்கப்ப நுரையீரல் சுருங்கி கட்டி எடம் மாறிடும், கீழ்ப்பக்க கட்டின்னா இன்னும் மோசம். அதனாலதான் கோன் பீம் சிடி: டேபிள்லயே, கருவி உள்ள இருக்கப்பவே படம் எடுத்து நுனி கட்டிக்குள்ள இருக்கான்னு பாக்கலாம். ரேடியல் ஈபஸ்னு மூச்சுக்குழாய்க்குள்ள விடுற அல்ட்ராசவுண்ட்ல கட்டி சுத்திவர தெரிஞ்சா நடுவுல நிக்குறோம், ஒரு பக்கம் மட்டும் தெரிஞ்சா ஓரத்துல நிக்குறோம்.

கட்டிக்குள்ள போனாலும் முடியல, உள்ள தழும்புச் சதை இருக்கும், செத்த சதை இருக்கும், அது வந்தா ஈஜிஎஃப்ஆர் டெஸ்ட்டுக்கு (கேன்சர் செல்லோட ஜீன்ல ஒரு மாற்றம் இருக்கான்னு பாக்குறது) பத்தாது, அந்த டெஸ்ட் இல்லாம சரியான மாத்திரை கிடைக்காது, நம்ம ஆசியாக்காரங்கள்ல சிகரெட் புடிக்காம நுரையீரல் கேன்சர் வந்தவங்களுக்கு அந்த மாற்றம் ரொம்ப சகஜம். பாஸ்டன்ல மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரி குழு ஒளியை வச்சு தழும்புல இருக்குற கொலாஜனையும் கட்டியையும் பிரிச்சு பாக்குற ஓசிடி முறையை ஆராய்ஞ்சிருக்காங்க, நல்ல யோசனை. அது வர்ற வரைக்கும், மாதிரியை அங்கயே மைக்ராஸ்கோப்ல பாத்து "போதும்"னு சொல்ல ஆள் உண்டான்னு கேளுங்க. ரெண்டாவது தடவை கண்டிப்பா எடுங்க ஐயா, டிஸ்க்கோட போங்க.

ரோபோ ப்ராங்கோஸ்கோபின்னா தப்பே நடக்காதா? (பங்சார்)

ரோபோ நடுங்காம நுரையீரல் ஓரம் வரைக்கும் போகும், ஆனா அதுவும் பழைய சிடி மேப்பை நம்பித்தான் போகுது. டேபிள்ல படம் எடுப்பீங்களான்னு கேளுங்க.

வெளிய இருந்து ஊசி குத்துனா நுரையீரல் ஓட்டையாயிடுமா? (ஆயர் ஈத்தாம்)

அஞ்சுல ஒருத்தருக்கு காத்து கொஞ்சம் கசியும், பெரும்பாலும் தானா சரியாயிடும். காத்தை எடுக்க நெஞ்சுல டியூப் போடுற அளவுக்கு போறது இருபதுல ஒண்ணு. மூச்சு வாங்குனா காத்திருக்காம எமர்ஜென்சிக்கு போங்க.

குத்துனா கேன்சர் பரவுமாமே?

ரொம்ப ரொம்ப அபூர்வம். இதுக்கு பயந்து தள்ளிப் போடாதீங்க.

ஹார்ட்ல ஸ்டென்ட் வச்சிருக்கேன், ரத்தம் உறையாம இருக்க க்ளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுறேன், நானே நிறுத்திடவா? (பிரை)

நிறுத்தாதீங்க! ஹார்ட் டாக்டரை கேக்காம ஒரு நாள்கூட நிறுத்தாதீங்க, பயாப்ஸி டாக்டர்கிட்ட மறைக்கவும் செய்யாதீங்க. மாத்திரை அட்டையையே கையில கொண்டு போங்க, டிஸ்க்கையும்.